பாகத்தில் சேராத நாய்

குழந்தைவேலு என்பது அவருடைய பெயர். கோட்டையூரின் வடகோடியில், கண்மாய்க்கரையை ஒட்டிய ஓட்டு வீட்டில் அவர் வாழ்ந்து வந்தார். விடியுமுன் எழுவார், வேப்பங்குச்சியால் பல் துலக்குவார், கிணற்றில் இறைத்த முதல் வாளித் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிய பிறகே தம் முகத்தைக் கழுவுவார். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முதற்பக்கத்துக்கு வருவார். ஏன் என்று கேட்டவர்களிடம், "தலைப்பு எங்குட்டும் ஓடிப் போயிறாது" என்பார். வட்டிலில் வைத்ததை உண்பார்; உப்புக் குறைந்தாலும் குறையென்று சொல்லமாட்டார். மறுசோறு கேட்டு வாங்கி உண்ணும் வழக்கம் முன்பு இருந்தது. பாகம் பிரிந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பாகம் பிரிந்தது எழுபதாம் ஆண்டுக் கார்த்திகையில். அண்ணனும் தம்பியும் ஒரே உலையில் உண்டு வந்த குடும்பம் அது. குழந்தைவேலுவுக்கும் மீனாளுக்கும் பிள்ளை இல்லை. தம்பி கோட்டைச்சாமிக்கும் அவன் மனைவி பொன்னுத்தாயிக்கும் வள்ளிக்கண்ணு என்றொரு மகளும், சின்னச்சாமி என்றொரு மகனும் இருந்தனர். பெரியப்பாவின் மடியில் உண்டு, பெரியம்மாவின் முந்தானையில் உறங்கிய பிள்ளைகள். ஆட்டுரலில் யார் முதலில் அரைப்பது என்று பெண்கள் இருவருக்கும் எழுந்த ஒரு சொல், மாலைக்குள் நான்கு சொல்லாகி, மாதம் முடிவதற்குள் பங்காளிகளைக் கூட்டி உட்கார வைத்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கவேண்டும் என்று ஊரார் வெகு நாள் தேடினர்.

கோபம் வந்திருந்தால் குழந்தைவேலுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. முற்றத்தின் நடுவே கொத்தனார் நூல் பிடித்தபோது அவர் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக் கொண்டிருந்தார். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் தன்னுடையதன்று போலத் தோன்றுமே, அவ்வாறு அவருடைய நெஞ்சு அவருக்குத் தோன்றியது. கிள்ளிப் பார்த்தாலும் வலிக்காது. சுவர் ஆளுயரம் எழுந்தது. கிணறு பொதுவில் விடப்பட்டமையால், கொல்லைப்புறத்தில் கிணற்றடி மட்டும் இரு வீட்டுக்கும் திறந்து கிடந்தது.

செவலை என்னும் நாய் அந்த வீட்டுக்கு வந்தது அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு.

அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடுவது அப்பகுதி வழக்கம். மந்தைக்குத் தலைவரான கீதாரி வீரையா ஆண்டுதோறும் பங்குனியில் தம் ஆடுகளுடன் வருவார். ஓராண்டு, அவருடைய கிடைநாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்து, வள்ளிக்கண்ணுவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். செம்மண் நிறம், மடிந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால். கோட்டையூரில் பெரிய வீட்டார் ஒருவர் சீமைநாய் ஒன்றை வளர்த்து வந்தார்; அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் செவலை ஒரு நாயாகவே தோன்றவில்லை.

"இது நாயா, நாய் மாதிரி வேசம் போட்ட ஆடா?" என்று கோட்டைச்சாமி கேலி செய்தான். பேருந்து நிறுத்தத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவன் அவன்; வாய் சும்மா இராது. நாய் வளர்ந்ததும் முயல் வேட்டைக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனான். இருட்டும் வேளையில் வெறுங்கையுடன் திரும்பிக் கிணற்றடியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"என்னடா?" என்றார் குழந்தைவேலு.

"முயலு கெளம்புச்சுண்ணே. நம்ம பய ஓடுனான். கவ்வுவான்னு நான் கம்பை ஓங்கிட்டு நிக்கிறேன். கவ்வல. முன்னுக்க போயி மறிச்சு, அதை எங்குட்டு ஓட்டிட்டு வந்தான் தெரியுமா? என் காலடிக்கு! பக்கத்துல நிப்பாட்டிட்டு என் மூஞ்சியப் பாக்கான், 'எண்ணிக்க'ங்கிற மாதிரி. நான் அசந்த நேரத்துல முயலு போயிருச்சு."

அன்று அண்ணனும் தம்பியும் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த பெண்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தனர்.

அந்த நாயைக் குடும்பத்தார் அறிந்துகொண்டது மெல்ல மெல்லத்தான். பகலில் அது குரைப்பதில்லை. அயலார் எவரேனும் முற்றத்துக்கு வந்தால், அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒருக்களித்து வந்து நிற்கும், அவ்வளவே. கொஞ்சுவதற்கு அழைத்தால் வராது. கட்டிப்போட்டால் உறுமாது, ஊளையிடாது. ஆனால் அவிழ்க்கும் வரை நின்றுகொண்டே இருக்கும். கண்மாய் நிறைந்த காலத்தில் வள்ளிக்கண்ணு நீர் விளிம்பை நோக்கி நடந்தால் குறுக்கே போய் மறிக்கும்; அவள் விலகி நடந்தால் தானும் விலகி மறிக்கும்; அதையும் மீறினால் பின்னால் வந்து குதிகாலில் மூக்கால் ஒரு முட்டு. "காவலுக்கு ஆள் போட்டாலும் இம்புட்டு வெவரமாப் பாக்கமாட்டாக" என்பாள் மீனாள்.

எல்லாவற்றிலும் வியப்பு அதன் மாலைநேரத்து வழக்கம். பொழுது சாய்ந்ததும் வீட்டைச் சுற்றத் தொடங்கும். ஆறு பேரும் உள்ளே வரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கோட்டைச்சாமி கடையை அடைத்துவிட்டு வரப் பிந்தினால் தெருமுனை வரை போய் நின்று பார்த்துவிட்டு வரும். அவனும் வந்து சேர்ந்தபின் உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, தன் மண்சட்டிக்குப் போய்ச் சோற்றில் வாய் வைக்கும். அதற்கு முன்பு கறித்துண்டே கிடந்தாலும் முகராது. உண்டபின் நடைவாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும்.

பாகம் வைக்கப் பங்காளிகள் கூடியபோது, அண்டா முதல் அரிவாள்மனை வரை இரண்டாகப் பிரிந்தது. தென்னைகள் பிரிந்தன. சண்டைக்குத் தொடக்கமான ஆட்டுரல் அண்ணனுக்கும் அம்மி தம்பிக்கும் என்று ஆயிற்று. இறுதியில் எவரோ நாயைக் காட்டினர். பங்காளிகளுள் மூத்தவரான உடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நாயைப் பாகம் வைக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லப்பா. கீதாரி குடுத்த சீவன் அது. எங்குட்டுச் சோறு இருக்கோ அங்குட்டுக் கெடந்துட்டுப் போகுது" என்றார். யாவரும் எழுந்து துண்டை உதறினர்.

இரண்டு பக்கமும் சோறு இருந்தது. மீனாள் தன் பக்கத்துக் கொல்லையில் பழைய மண்சட்டியில் ஊற்றினாள். பொன்னுத்தாயி தன் பக்கத்தில் ஒரு புதுச் சட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் சோறு அப்படியே இருக்கும். 'அங்குட்டுத் தின்னுட்டு வந்திருக்கும்' என்று இவள் நினைத்தாள். 'மூத்தவுக வீட்டுல நல்லாப் போடுறாக போல' என்று அவள் நினைத்தாள். கேட்டுத் தெளிய இருவருக்கும் இடையே பேச்சு இல்லை. சோற்றைக் கோழிகள் தின்று கொழுத்தன. சுவரின் எந்தப் புறத்திலும் ஆறு பேரையும் ஓரிடத்தில் காண இயலாத நாய், இரவெல்லாம் கிணற்றடி வழியாக இங்கும் அங்கும் நடந்தது. பகலில் தெருவில் கிடைத்ததைத் தின்று உயிர் வைத்திருந்தது.

முதலில் அது குழந்தைவேலுவிடம்தான் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மாட்டுத்தொழுவின் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பின்புறமாக வந்து அவருடைய குதிகாலில் மூக்கால் முட்டும். பசிக்கிறது போலும் என்று, "சட்டியில கெடக்கு, போ" என்பார். போகாது. மீண்டும் முட்டும். அவர் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வார். நாய் சற்றுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். மாலைதோறும் இவ்வாறே நடந்தது. நாய் வந்ததும், போனதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

அவரை அசைக்க முடியாதென்று கண்டபின் அது பிள்ளைகளிடம் போயிற்று. பெரியவர் அசையாவிட்டால், அசைகிறவர்களைக் கொண்டுவந்து அவரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்தது போலும். ஒரு மாலை சின்னச்சாமி குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு கிணற்றடியைத் தாண்டி ஓடிவந்தான், பின்னால் செவலை. வள்ளிக்கண்ணு அடுத்து வந்தாள். "பெரியப்பா, செவலை எங்களைப் பத்திக்கிட்டு வருது!" என்றாள். குழந்தைவேலு அவர்களைப் பார்த்தார். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கை அறிந்திருந்தது. ஆனால் கை எழவில்லை. "வீட்டுக்குப் போங்க, அம்மா தேடும்" என்றார்.

மறுநாளும் நாய் ஓட்டிவந்தது. அதற்கு மறுநாள் சுவருக்கு அப்பாலிருந்து பொன்னுத்தாயியின் குரல், இவர் காதில் விழவேண்டுமென்றே எழுந்தது.

"உரலு போச்சு, தென்னை போச்சு. இப்பப் பிள்ளைகளையும் ஓட்டிட்டு வரச் சொல்லி நாயைப் பழக்கி விட்டிருக்காக! பெத்தவளுக்குத்தானே தெரியும்!"

மீனாள் அடுப்படியில் அகப்பையைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. கடைசிச் சொல் அவளைத் தைத்திருக்கும் என்று குழந்தைவேலு அறிந்தார். எழுந்து உள்ளே போய் ஏதேனும் சொல்லவேண்டும் என்றும் அறிந்தார். அறிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மாசி மாதக் கடைசியில் அது நடந்தது. தாய் அடித்துச் சொல்லியிருந்தபடியால் வள்ளிக்கண்ணு அன்று வர மறுத்தாள். நாய் முட்டியது. அவள் வீட்டுக்குள் போகாமல் தெருப்பக்கம் ஓடினாள். மாட்டுவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. செவலை பாய்ந்து குதிகாலைப் பற்களால் பிடித்து நிறுத்தியது. ஆடாயிருந்தால் மயிரோடு போயிருக்கும். பெண்பிள்ளையின் தோல் கீறி இரத்தம் கசிந்தது.

கோட்டைச்சாமி மகளைச் சைக்கிளில் வைத்துக் காரைக்குடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். நாயைக் கட்டிப்போட்டுக் கண்காணிக்கும்படியும், அதற்கு நோய் கண்டால் தொப்புளைச் சுற்றி ஊசி போடவேண்டிவரும் என்றும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவன் நேரே கிணற்றடிக்கு வந்தான். பாகத்துக்குப் பின் அவன் அண்ணனிடம் பேசியது அதுவே முதல்முறை.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"பாத்தேன்னா என்ன அர்த்தம்? பிள்ளை தொப்புள்ள ஊசியைக் குத்துனா அப்பவும் 'பாத்தேன்'ம்பீகளா?"

குழந்தைவேலு தம்பியின் சட்டையில் உலர்ந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சத்தம் போடுங்க. ஏசுங்க. நீ யாருடா கேக்கன்னு சொல்லுங்க. இப்படிக் கல்லு மாதிரி நின்னா நான் என்னத்தப் பேச?" கோட்டைச்சாமியின் குரல் உடைந்து, உடனே மீண்டும் தடித்தது. "பங்குனி பொறந்ததும் கீதாரி வருவாரு. குடுத்து விட்ருங்க. இல்லைன்னா நாய் பிடிக்கிற தோட்டி கையில பிடிச்சுக் குடுத்துருவேன். அவுக அடிச்சுக் கொன்னா எங்கிட்ட வந்து கேக்கக்கூடாது."

"சரி" என்றார் குழந்தைவேலு.

செவலையைக் கிணற்றடித் தூணில் சங்கிலியால் கட்டினார்கள். மாலையில் மீனாள் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். நாய் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னுத்தாயி குடத்துடன் வந்தவள், அதைப் பார்த்து நின்றாள். குடத்தை இடுப்பில் மாற்றினாள்.

"என்ன, ராசா சாப்பிடமாட்டாரோ?" என்று நாயைப் பார்த்துக் கேட்டாள்.

மீனாளும் நாயைப் பார்த்தே மறுமொழி சொன்னாள். "உங்க வீட்டுச் சோத்துலதான ருசி. அதைக் கொண்டாந்து வச்சாத் தின்னும்."

"எங்க வீட்டுலயா? ஒரு பருக்கை தொட்டதில்லையே. கோழிதான் கொத்துது."

"பொய் சொல்லாத. இங்குட்டு வச்சதும் அப்படியே கெடக்கு."

பாகத்துக்குப் பின் இருவரும் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பொன்னுத்தாயி குனிந்து நாயின் விலாவைத் தொட்டாள். எலும்பு தட்டுப்பட்டது.

"அப்ப இத்தனை நாளா என்னத்தக்கா தின்னுச்சு?"

பொன்னுத்தாயி குடத்தை நிரப்பிக்கொண்டு, நடை சற்றுத் தளர்ந்தவளாய்ப் போனாள். குழந்தைவேலு கட்டிலில் இருந்தபடியே இதையெல்லாம் கேட்டார். 'எல்லாரும் உள்ள வந்தாத்தான் அது சாப்பிடும்' என்ற எண்ணம் அவர் மனத்துள் வந்தது. வியப்பாகவும் வரவில்லை, துயரமாகவும் வரவில்லை. நாளை மாட்டுக்குத் தவிடு வாங்கவேண்டும் என்பதுபோல வந்தது.

நாய்க்கு நோய் காணவில்லை. வள்ளிக்கண்ணுவின் காயமும் ஆறியது. பங்குனி பிறந்து, வீரையாவின் ஆடுகள் கண்மாய்க்கு அப்பால் வந்து இறங்கின. குழந்தைவேலு சங்கிலியோடு செவலையை அங்கே நடத்திக்கொண்டு போனார்.

வீரையா சங்கிலியை அவிழ்த்துவிட்டார். செவலை ஆடுகளை ஒருமுறை பார்த்தது. அறியாத ஊரின் திருவிழாக் கூட்டத்தைப் பார்ப்பது போன்ற பார்வை. பின்பு வாலைத் தாழ்த்திக்கொண்டு வந்து குழந்தைவேலுவின் பின்னால் நின்றது. கீதாரியின் வேலைக்காரன் ஒருவன் வரப்பில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். செவலை விரைந்து போய் அவனை மறித்துத் திருப்பிக்கொண்டு வந்தது. அவன் கெட்ட வார்த்தையால் ஏசினான்.

வீரையா வயிறு குலுங்கச் சிரித்தார். "போச்சு! கெட்டுது போங்க. இது ஆடு மறிக்காதுய்யா, ஆளு மறிக்கும். இதை வச்சுக்கிட்டு நான் நடந்தேன்னா ஊருக்கு ஊரு ரோட்டுல போறவுகளையெல்லாம் என் பட்டியில கொண்டாந்து அடைச்சிரும். அவுகளுக்கு எவன் கஞ்சி ஊத்துறது? நீங்களே வச்சுக்கிருங்க."

"வச்சுக்கிற முடியாது" என்றார் குழந்தைவேலு.

"அப்பக் கொன்னு போடுங்க. என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, வீரையா ஒரு குட்டியின் காலில் தைத்திருந்த முள்ளைப் பார்க்கக் குனிந்தார்.

திரும்பும் வழியில் சங்கிலி குழந்தைவேலுவின் தோளில் கிடந்தது. நாய் கட்டின்றிப் பின்னால் வந்தது. வீட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தோட்டியிடம் தம்பி எப்போது சொல்வான் என்று எண்ணிப் பார்த்தார். ஒரு நாளோ இரண்டு நாளோ. வழக்கமான கட்டிலில் உட்காரப் போனார். உட்காருமுன் குதிகாலில் முட்டு விழுந்தது.

அவர் காலை எடுத்து முன்னே வைத்தார். ஏன் என்று சொல்ல இயலாது. நடந்து வந்த களைப்பில், எதிர்க்கவும் ஒரு வலு வேண்டுமல்லவா, அது அவரிடம் இல்லை. மறுபடி முட்டு. மறுபடி ஓர் அடி. தொழுவைக் கடந்து, வாழைக்கன்றைக் கடந்து கிணற்றடிக்கு வந்துவிட்டார். அங்கே தயங்கி நின்றார். நாய் முன்னால் வரவில்லை, வழிகாட்டவில்லை. பின்புறத்திலேயே இருந்து, இடமும் வலமுமாக ஒதுங்கி ஒதுங்கி, அவர் திரும்பிப் போகும் வழியை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.

தம்பி வீட்டுக் கொல்லைக்கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சின்னச்சாமி வட்டிலின்முன் உட்கார்ந்து அப்பளத்துக்கு அழுதுகொண்டிருந்தான். கோட்டைச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஒருவரும் இவரைப் பார்க்கவில்லை. தமக்கு ஏதேனும் தோன்றுகிறதா என்று குழந்தைவேலு காத்து நின்றார். ஒன்றும் தோன்றவில்லை. கால் மட்டும் கிணற்றடிக் கல்லின் சூட்டை உணர்ந்தது.

இதுநாள்வரை அது பிள்ளைகளை அவரிடம் ஓட்டி வந்ததற்குக் காரணம், அவர் நகராததே. அவர் நகர்ந்தால் அது எவரையும் ஓட்டவேண்டியதில்லை. எவருடைய குதிகாலையும் பிடிக்கவேண்டியதில்லை. தோட்டிக்கும் வேலையில்லை. எண்ணிப் பார்த்தால் சிறிய செய்திதான். ஆனால் மூத்தவன் அழைக்கப்படாமல் இளையவன் வாசலில் போய் நிற்பது அவ்வூரில் சிறிய செய்தியன்று. தேநீர்க் கடையில் மறுநாளே பேசுவார்கள்.

அவர் திரும்பி வந்தார். நாய் வழிவிட்டது, ஆனால் உடன் வரவில்லை. மீனாள் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "கீதாரி வாங்கிக்கிட்டாகளா?" என்றாள்.

"இல்ல. ஆகாதுன்னுட்டாரு."

"அப்ப?" என்றாள். அவள் கையிலிருந்த ஊதுகுழல் அசைவற்று நின்றது.

குழந்தைவேலு கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்தார்.

"பொழுது சாஞ்சா நான் அங்குட்டுப் போயி உக்காரப்போறேன். நீயும் அடுப்பை அணைச்சிட்டு வா. அது தின்னு முடிச்சதும் வந்துரலாம்."

"அவுக கூப்பிடலையே."

"கூப்பிடல."

"வெரட்டுனா?"

"வெரட்டுனா வாசப்படிக்கு வெளிய உக்காருவோம்."

மீனாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளைக்கா?" என்றாள்.

"தெனமும்" என்றார் குழந்தைவேலு.